அத்தியாயம் 7: பார்த்ததும் பார்க்க முடியாததும் – வீட்டுப் பரிசோதகரின் சட்டப் பொறுப்பும் பயிற்சியும்

ஒன்ராறியோவில் ஒரு வீட்டை விற்றுக் கொடுக்கும் முகவருக்கு உரிமம் வேண்டும். அந்த வீட்டுக்குள் மின்கம்பி இழுப்பவருக்கும் உரிமம் வேண்டும். ஆனால் அந்த வீட்டையும் கம்பியையும் பார்த்துவிட்டு வாங்குபவருக்கு நிலைமையைச் சொல்லும் வீட்டுப் பரிசோதகருக்கு மாகாண உரிமம் எதுவும் தேவையில்லை. 2017 ஏப்ரலில் சட்டமன்றம் வீட்டுப் பரிசோதனைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்புத்தான் வெளிவரவில்லை. பிரித்தானிய கொலம்பியா 2009இலும் அல்பேர்ட்டா 2011இலும் உரிமத்தைக் கட்டாயமாக்கிவிட்டன.

இதைக் கேட்டதும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பலர் மகிழ்ச்சி அடைகிறார்கள். மகிழ ஒன்றுமில்லை. உரிமம் உள்ள மாகாணத்தில் எவ்வளவு படித்தால் போதும், எவ்வளவு காப்புறுதி எடுத்தால் போதும் என்பதை அரசாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உரிமம் இல்லாத இடத்தில் அதே கேள்விக்குப் பதில் சொல்வது நீதிபதி. அதுவும் சம்பவம் நடந்து மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, வாடிக்கையாளரின் சட்டத்தரணி உங்கள் அறிக்கையை வரிவரியாக வாசித்துக் காட்டிய பிறகு. ஆகவே இந்த அத்தியாயத்தில் பயிற்சியையும் சட்டப் பொறுப்பையும் பிரித்துப் பேசப் போவதில்லை. என் பார்வையில் இரண்டும் ஒரே பாடம்.

எந்தக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறீர்கள்

வாடிக்கையாளர் கையொப்பமிட்டதும் உங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒப்பந்தம் உண்டாகிறது. சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் அது ஒப்பந்த மீறல். அதற்கு வெளியே இன்னொரு கடமையும் இருக்கிறது. உங்கள் சொல்லை நம்பி ஒருவர் பணம் போடுவார் என்று உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க கவனமில்லாமல் பிழையான தகவலைச் சொன்னால், அந்த நட்டத்துக்கு நீங்கள் பொறுப்பு. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1963இல் தீர்த்த ஹெட்லி பேர்ன் வழக்கிலிருந்து வரும் கோட்பாடு இது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993இல் கொக்னோஸ் வழக்கில் அதன் கூறுகளை வரிசைப்படுத்தியது: இரு தரப்புக்கும் இடையில் சிறப்பு உறவு இருக்கவேண்டும், சொன்னது பிழையாகவோ தவறாக வழிநடத்துவதாகவோ இருக்கவேண்டும், அதைச் சொன்னவர் கவனக்குறைவாகச் சொல்லியிருக்கவேண்டும், கேட்டவர் அதை நியாயமாக நம்பியிருக்கவேண்டும், அந்த நம்பிக்கையால் நட்டம் வந்திருக்கவேண்டும். வீட்டுப் பரிசோதனையில் முதலாவதும் நான்காவதும் அநேகமாக எப்போதும் இருக்கும். நம்புவதற்காகத்தானே உங்களைக் கூப்பிட்டார். ஆகவே வழக்கு பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் நிற்கும்.

கவனக்குறைவு என்பதை எப்படி அளப்பது? எல்லாக் குறையையும் கண்டுபிடித்தாரா என்று நீதிமன்றம் கேட்பதில்லை. அதே நாளில், அதே வீட்டில், சாதாரணத் திறமையுள்ள இன்னொரு கவனமான பரிசோதகர் நின்றிருந்தால் இதைக் கண்டிருப்பாரா, கண்டிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று கேட்கும். பதில் சொல்ல உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவரையே சாட்சியாக அழைப்பார்கள். அவர் கையில் தொழில்முறை நியமங்கள் இருக்கும்: ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கத்துடையதோ, அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் அமைப்பான ஆஷியினுடையதோ, கனடிய நியமங்கள் சங்கம் 2016இல் வெளியிட்ட ஏ770 நியமமோ. நீங்கள் எந்தச் சங்கத்திலும் சேராதிருந்தாலும் அந்த அளவுகோலால்தான் அளப்பார்கள். "நான் அந்த நியமத்தில் கையெழுத்து வைக்கவில்லை" என்ற பதில் உதவாது.

"கொம்பனி தொடங்கிவிட்டால் என் வீட்டைத் தொடமாட்டார்கள்தானே?" என்றும் பலர் கேட்பார்கள். முழுமையாக அப்படி இல்லை. ஒப்பந்தம் கொம்பனியுடையதாக இருக்கலாம். ஆனால் அட்டிக்குக்குள் தலை நீட்டிப் பார்த்தவர் நீங்கள். ஊழியர் தன் கையால் செய்த கவனக்குறைவுக்குத் தானே பொறுப்பாக முடியும் என்பதை 1992இல் உச்ச நீதிமன்றம் லண்டன் ட்ரக்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. கொம்பனி பதிவு செய்யுங்கள், வரிக்கும் கணக்குக்கும் அது நல்லது. ஆனால் அதைக் கேடயம் என்று நம்பிக் காப்புறுதியைக் குறைக்காதீர்கள்.

சின்ன எழுத்து காப்பாற்றுமா

இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு வாசகம் இருக்கும்: பரிசோதகரின் பொறுப்பு, அவர் வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது. 500 டொலர் வாங்கினால் 500 டொலரோடு முடிந்தது. புதியவர்கள் இந்த ஒற்றை வரியை மலைபோல நம்புகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வரி எத்தனை தடவை உடைந்திருக்கிறது என்று பாருங்கள். 2004இல் நியூ ஜெர்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. கட்டணம் 385 டொலர். ஒப்பந்தப்படி பொறுப்பு அதில் பாதி, அதாவது 192 டொலர் 50 சதம். கூரையைத் திருத்த 8,000 முதல் 10,000 டொலர் வரை ஆகும் என்று மதிப்பீடு வந்திருந்தது. அந்த வரம்பு நியாயமற்றது, பொதுநலக் கொள்கைக்கும் முரணானது என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கலிபோர்னியாவில் நீதிமன்றத்துக்குப் போகவே தேவையில்லை: பொறுப்பை அறிக்கையின் விலைக்குள் அடக்கும் வாசகம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. இத்தனைக்கும் கலிபோர்னியாவிலும் உரிமம் கிடையாது. உரிமம் இல்லாத இடத்தில் சட்டமும் இருக்காது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் மூன்று தடைகள் இருக்கின்றன. ஒன்று, 1978இல் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் டில்டன் வாடகைக்கார் வழக்கில் சொன்னது: கடுமையான நிபந்தனையை மற்றவர் வாசிக்கவில்லை என்று தெரிந்தும், அதைச் சுட்டிக்காட்டாமல் அவசரமாகக் கையெழுத்து வாங்கினால் அந்த நிபந்தனை அவரைக் கட்டாது. இரண்டு, 2010இல் உச்ச நீதிமன்றம் டேர்கொன் வழக்கில் வகுத்த முறை: வாசகம் இந்தச் சம்பவத்தை உண்மையில் தொடுகிறதா, ஒப்பந்தம் எழுதிய நேரத்தில் அது கொடுமையாக இருந்ததா, அதைச் செல்ல விடாத அளவுக்குப் பொதுநலன் எதிரே நிற்கிறதா. மூன்று, 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நுகர்வோருக்குச் செய்யும் சேவை நியாயமாக ஏற்கக்கூடிய தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தை அந்தச் சட்டம் ஒப்பந்தத்துக்குள் தானே புகுத்திவிடுகிறது. அதை இல்லாமல் செய்யும் வாசகத்தை வெறும் காகிதமாக்கிவிடுகிறது. வழக்குப் போடாமல் நடுவரிடம்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வரியும் அந்தச் சட்டத்தின் முன் நிற்காது.

காலவரம்பிலும் இதே கதை. வழக்கமான காலம், குறை தெரியவந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து, இரண்டு ஆண்டுகள். கடைசி எல்லை, சம்பவத்திலிருந்து 15 ஆண்டுகள். "ஆறு மாதத்துக்குள் முறையிடாவிட்டால் உரிமை இழப்பு" என்று நீங்கள் எழுதி, அவர் கையெழுத்து வைத்தாலும், நுகர்வோர் ஒப்பந்தத்தில் அந்தச் சுருக்கல் செல்லாது. ஆகவே படங்களையும் குறிப்புகளையும் ஒப்பந்தத்தையும் 15 ஆண்டு வைத்திருங்கள். ஒரு வீட்டுக்கு இருநூறு படம் என்றாலும் இன்றைய சேமிப்பு விலைக்கு அது ஒன்றுமே இல்லை.

அப்படியானால் வரம்பு வாசகம் வேண்டாமா? வேண்டும். சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். தனிப் பந்தியாகப் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் வாடிக்கையாளரின் சுருக்கொப்பம் வாங்குங்கள். முதல்நாளே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வீட்டு வாசலில், முகவர் திறப்பை ஆட்டிக்கொண்டு நிற்கும்போது நீட்டும் காகிதம் உங்கள் பக்கம் நிற்காது. அவருக்கு ஆங்கிலம் கடினம் என்றால் அந்தப் பந்தியைத் தமிழில் விளக்கி, விளக்கியதை ஒரு வரியில் பதிவு செய்யுங்கள். இதெல்லாம் செய்தும் வாசகம் விழலாம். அதை மூன்றாவது தற்காப்பாக எண்ணுங்கள். முதலாவது உங்கள் அறிக்கை, இரண்டாவது உங்கள் காப்புறுதி.

ஒரு தொகை சொன்னதற்குக் கொடுத்த விலை

2009இல் பிரித்தானிய கொலம்பியாவின் உயர் விசாரணை மன்றம் தீர்த்த வழக்கு ஒன்றைப் பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றிலும் பேசவேண்டும். வட வான்கூவரில் சரிவான காணியில் நின்ற வீடு; 11 லட்சம் டொலர் அளவில் 2006இல் வாங்கியது. தாங்கு மரங்களில் உக்கல் இருப்பதைப் பரிசோதகர் பார்க்காமல் விட்டுவிடவில்லை. பார்த்தார், சொன்னார். திருத்த ஏறக்குறைய 20,000 டொலருக்குள் முடியும் என்ற எண்ணத்தையும் வாங்குபவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தபோது திருத்தச் செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டியது. நீதிமன்றம் விதித்த இழப்பீடு 192,920 டொலர். ஒப்பந்தத்தில் இருந்த வரம்பு வாசகம் அவரைக் காக்கவில்லை.

தொழிலுக்கு வருபவர்கள் தவறவிட்ட வெடிப்புக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த மனிதர் விழுந்தது கண்டுபிடித்த குறையில். உக்கிய மரத்தின் தலைப்பைப் பார்த்தவர், சுவருக்குள் போன மீதி மரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காத பகுதிக்கும் சேர்த்து விலை சொல்லிவிட்டார். "தெரியும் இடத்தில் உக்கல் உள்ளது, மறைந்த பகுதியில் எவ்வளவு என்று தெரியாது, வாங்கும் முடிவுக்கு முன் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும்" என்று எழுதி, தொகையே சொல்லாமல் விட்டிருந்தால் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

வாடிக்கையாளர் விலை கேட்பார். கேட்கத்தான் செய்வார். ஷிங்கிள் கூரை மாற்றம், ஃபர்னஸ் மாற்றம் போல வெளிப்படையாக அளவிடக்கூடியவற்றுக்கு ஊரில் உள்ள விலைப் பரப்பைச் சொல்லலாம். உக்கல், அத்திவாரம், ஈரக்கசிவு, பழைய மின்கம்பி ஆகிய நான்கிற்கும் வாயே திறக்காதீர்கள்.

வாயால் சொன்னதும் அறிக்கைதான்

ஸ்காபறோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் நம்மவர்களிடம் தொழில் செய்யப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி தனியாக. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டைச் சுற்றிப் பேச்சு தமிழில் நடக்கும். வாங்குபவர் நாற்பது பக்க அறிக்கையை வாசிக்கமாட்டார். நீங்கள் பேஸ்மென்ட் படியில் நின்று சொன்ன இரண்டு வசனத்தைத்தான் மனதில் வைத்திருப்பார். அந்த இரண்டு வசனமும் சாட்சியமாகலாம். அம்மாவும் மகனும் மைத்துனரும் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார்கள். இப்போது ஒருவர் கைபேசியில் பதிவும் செய்துகொண்டிருப்பார்.

சுவரில் ஈரம் கண்டதும் "இது எல்லா வீட்டிலையும் இருக்கிறது அக்கா, பயப்பிடாதேங்கோ" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அறிக்கையில் "நீர்க்கசிவின் அடையாளங்கள், மேலும் ஆராயவும்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறுதல் அறிக்கையின் எச்சரிக்கையைக் கொன்றுவிடும். எழுதியதைவிட மென்மையாகப் பேசக்கூடாது. எழுதியதைவிடக் கடுமையாகவும் பேசவேண்டியதில்லை.

கடைசியில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, நீங்கள் எங்கடை ஆள். சுருக்கமாச் சொல்லுங்கோ, வாங்கலாமோ விடலாமோ?" தொழில்முறை நியமங்கள் இதற்குப் பதில் சொல்லும் வேலையைப் பரிசோதகருக்குத் தரவில்லை. பதிலை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்: "அக்கா, வாங்கிறதும் விடுறதும் உங்கடை முடிவு. விலை, பள்ளிக்கூடம், உங்கடை வசதி எல்லாம் எனக்குத் தெரியாது. இந்த வீட்டிலை உடனே பாக்கவேண்டிய மூண்டு விசயத்தை நான் சொல்லுறன், அதுக்குப் பிறகு யோசியுங்கோ." முகம் சுளிப்பார். பரவாயில்லை.

முகவர் விவகாரமும் இதோடு ஒட்டியதே. நம் சமூகத்தில் வேலை பெரும்பாலும் முகவர் வழியாக வருகிறது. அவர் மைத்துனராக இருக்கலாம், கோயிலில் பழக்கமானவராக இருக்கலாம். அவருடைய வருமானம் விற்பனை முடிவதில் இருக்கிறது. உங்கள் கடமை வாங்குபவரிடம் இருக்கிறது. "கொஞ்சம் பார்த்து எழுதுங்கோ அண்ணை" என்று ஒருவர் சொன்ன நாளிலேயே அவரிடமிருந்து வரும் வேலையை நிறுத்துங்கள். அனுப்பியதற்குக் கையூட்டுக் கொடுக்காதீர்கள். பார்த்த குறையைத் திருத்தும் வேலையை நீங்களோ உங்கள் தம்பியின் கொம்பனியோ எடுக்காதீர்கள். கலிபோர்னியா, பரிசோதித்த வீட்டில் 12 மாதத்துக்குள் அதே பரிசோதகர் பணம் வாங்கித் திருத்துவதை நேர்மையற்ற வணிகமாகவே கருதுகிறது. இங்கு அப்படி எழுதிய சட்டம் இல்லாவிட்டாலும் சங்கங்களின் ஒழுக்கக் கோவைகள் அதைத் தடுக்கின்றன, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் அதை விடமாட்டார்.

பார்க்க முடியாததை எழுதும் கலை

ஜனவரியில் ரொறன்ரோவில் கூரை பனிக்கடியில் இருக்கும். குளிர்சாதனத்தை ஓட்டிப் பார்க்க முடியாது. வெளியே குளிராக இருக்கும்போது ஓட்டினால் அதன் கம்பிரசர் பழுதாகலாம். பேஸ்மென்ட் முழுக்கப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஓர் அறை பூட்டியிருக்கும், திறப்பு வாடகைக்காரரிடம் இருக்கும். புதிதாக ட்ரைவோல் அடித்துப் பளிச்சென்று வர்ணம் பூசிய பேஸ்மென்ட் என்றால் இன்னும் மோசம்: அத்திவாரச் சுவரில் ஓர் அங்குலம்கூடத் தெரியாது.

இப்படி ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக எழுதப் பழகுங்கள். எதைப் பார்க்க முடியவில்லை, ஏன். அதனால் என்ன ஆபத்து தெரியாமல் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள யார், எப்போது, என்ன செய்யவேண்டும். "கூரை பார்க்கப்படவில்லை" என்று மட்டும் எழுதினால் அது அரை வேலை. "பின்பக்கக் கூரை முழுவதும் சுமார் ஓர் அடி பனியால் மூடியிருந்ததால் ஷிங்கிள்ஸின் நிலை தெரியவில்லை, அட்டிக் பக்கத்தில் பலகையில் பழைய நீர்க்கறை உள்ளது, பனி கரைந்ததும் கூரைத் தொழிலாளர் ஒருவர் பார்க்கவேண்டும், கூரை மாற்றும் செலவை இப்போதே திட்டத்தில் வையுங்கள்" என்றால் அது முழு வேலை. கூடவே படம்.

எல்லாவற்றுக்கும் "நிபுணரை அணுகவும்" என்று எழுதித் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அறிக்கையில் முப்பது இடத்தில் அந்த வரி வந்தால், உண்மையில் ஆபத்தான இரண்டு இடத்தையும் வாடிக்கையாளர் தாண்டிப் போய்விடுவார். ஆபத்தானதை நீங்கள் அமுக்கிவிட்டீர்கள் என்று பிறகு வாதிடுவது மிகச் சுலபம். முக்கியமானது முதல் பக்கத்தில் இருக்கவேண்டும்.

வெப்பப் படக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது நியமங்கள் அதைக் கேட்பதில்லை. நீங்கள் கொண்டுவந்து சுவரில் பிடித்துவிட்டால், அதில் தெரிந்ததைச் சரியாக வாசிக்கும் பொறுப்பும் உங்களுடையது. பயிற்சி எடுக்காமல் விளம்பரத்துக்காக அதை வாங்காதீர்கள். ஈரமானி ஒன்று, நல்ல ஏணி, நல்ல டோர்ச், பிளக் சோதிக்கும் கருவி, எரிவாயு மணம் பிடிக்கும் கருவி ஆகியவை முதல் வருடத்துக்குப் போதும்.

பேஸ்மென்ட் வாடகை வீடு பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அந்த வாடகையைக் கணக்கில் வைத்துத்தான் ஈட்டுக்கடன் எடுக்கிறார்கள். நீங்கள் மாநகரசபையின் கட்டட அதிகாரி இல்லை. அந்தக் குடியிருப்பு சட்டப்படி பதிவானதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வெளியேறப் போதுமான யன்னல் இல்லை, இரு குடியிருப்புக்கும் நடுவே தீத்தடுப்பு இல்லை, பேனலில் பிற்காலத்தில் செருகிய கம்பிகள் இருக்கின்றன என்றால் அவை கண்ணுக்குத் தெரிபவை, எழுதவேண்டும். "சட்டபூர்வமான பேஸ்மென்ட்" என்ற சொற்றொடர் உங்கள் அறிக்கையில் ஒருபோதும் வரக்கூடாது. நகரசபையிடமும் மின்பாதுகாப்பு அதிகாரசபையிடமும் அனுமதிப் பதிவுகளைக் கேட்கும்படி வாங்குபவருக்கு எழுதுங்கள்.

எங்கே, எவ்வளவு படிப்பது

அரசாங்கம் அளவு சொல்லாததால் மற்ற இடங்களைப் பார்த்து நாமே அளவு வைத்துக்கொள்ளவேண்டும். நியூயோர்க் மாநிலம் 140 மணிநேரப் படிப்பைக் கேட்கிறது. அதில் 40 மணிநேரம் உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் உண்மையான வீடுகளில். நியூ ஜெர்சி 180 மணிநேரம். ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்கும் தேசிய வீட்டுப் பரிசோதகர் தேர்வில் 200 கேள்விகள், நான்கு மணிநேரம். வார இறுதி ஒன்றில் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் விளம்பரத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்ராறியோவில் ஒரு பட்டத்துக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1994இல் நிறைவேறிய தனிச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற வீட்டுப் பரிசோதகர் என்ற ஆர்.எச்.ஐ. பட்டத்தை ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கத்தின் தகுதிபெற்ற உறுப்பினர்தான் போடலாம். சங்கம் படிப்பையும் கள அனுபவத்தையும் கேட்கும். மூத்தவர்கள் முன்னிலையில் ஒரு வீட்டைப் பரிசோதித்துக் காட்டும் சோதனையும் இந்தத் தொழிலில் உண்டு. அதைத்தான் நான் எழுத்துத் தேர்வைவிடப் பெரிதாக மதிக்கிறேன். இணையத்தில் கட்டணம் கட்டிப் பெறும் சின்னங்களை வாகனத்தில் ஒட்டுவதில் கவனம் தேவை: இல்லாத தகுதியையோ அங்கீகாரத்தையோ இருப்பதாகக் காட்டுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற நடைமுறையாகவே எண்ணுகிறது.

படிக்கும்போது வீட்டின் வயதை வைத்துப் படியுங்கள். பாடநூல்கள் கூரை, குழாய், மின்சாரம் என்று பிரிக்கும். வீடு அப்படி வராது. ரொறன்ரோவின் பழைய செங்கல் வீடு, இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது என்றால், பீங்கான் உருளையில் ஓடும் பழைய மின்கம்பி, ஈயக் குடிநீர்க் குழாய், களிமண் கழிவுக் குழாய் என்று மனம் தானாகத் தேடவேண்டும். ஸ்காபறோவின் அறுபதுகள், எழுபதுகளின் வீடு என்றால் அலுமினிய மின்கம்பி. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் இறுதிவரை அதைப் போட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் சுவருக்குள் செலுத்திய யூரியா ஃபோமல்டிஹைட் நுரையைக் கனடா 1980 டிசம்பரில் தடைசெய்தது. அட்டிக்கில் சாம்பல் பொன்னிறத்தில் மின்னும் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் கிடந்தால் தொடவே கூடாது: மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்ததில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். தொண்ணூறுகளின் நடுவுக்குப் பிறகு கட்டியதில் கிடெக் குழாய் இருக்கலாம். நீலமும் செம்மஞ்சளும் அதன் அடையாளம். புத்தம்புது வீட்டிலும் வேலை உண்டு. ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கான டாரியன் உத்தரவாதம் ஒன்று, இரண்டு, ஏழு ஆண்டு என்று படிப்படியாகக் குறையும். முதல் ஆண்டு முடியமுன் பரிசோதனை கேட்டு வருபவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்.

இந்த வயதுக் கணக்கு அறிவுக்காக மட்டும் இல்லை. சாட்சிக் கூண்டில் "1968இல் கட்டிய வீட்டில் அலுமினியக் கம்பி இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்ற கேள்விதான் வரும்.

களப்பயிற்சிக்கு மூத்த பரிசோதகர் ஒருவரோடு சுற்றுங்கள். சும்மா பின்னால் நடந்தால் போதாது. வீட்டுக்கு வந்து அதே வீட்டுக்கு உங்கள் சொந்த அறிக்கையை எழுதி, அவருடையதோடு ஒப்பிடுங்கள். அவர் எழுதாமல் விட்டது எது, ஏன் விட்டார் என்று கேளுங்கள். அந்தப் பதில்களில்தான் தொழில் இருக்கிறது.

தொலைபேசி அழைப்பு வந்தால்

வரும். நன்றாக வேலை செய்பவருக்கும் வரும். "தம்பி, மழைக்குப் பேஸ்மென்ட் எல்லாம் தண்ணி. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே!" அன்றோ மறுநாளோ போய்ப் பாருங்கள், திருத்தமுன் பார்ப்பது முக்கியம், திருத்திய பிறகு சாட்சியம் போய்விடும். படம் எடுங்கள். அறிக்கையை அங்கேயே திறந்து வாதாடாதீர்கள். பணம் தருகிறேன் என்றோ என் பிழைதான் என்றோ சொல்லாதீர்கள்.

ஆனால் வருத்தம் தெரிவிக்கலாம். ஒன்ராறியோவின் 2009ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டப்படி, வருத்தம் தெரிவிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. காப்புறுதியையும் அது கெடுக்காது. இதைத் தெரியாமல் பலர் கல்லுப்போல நின்று, கோபத்தில் இருக்கும் மனிதரைச் சட்டத்தரணியிடம் தள்ளிவிடுகிறார்கள். "இப்படி நடந்தது எனக்கும் கவலையாக இருக்கு" என்ற ஒரு வசனம் பல விவகாரங்களை அங்கேயே முடிக்கும்.

அதன் பிறகு உடனே காப்புறுதிக் கொம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். வழக்குத் தாள் கையில் கிடைக்கும்வரை காத்திருந்தால், தாமதத்தைக் காட்டி அவர்கள் கைவிரிக்க இடம் உண்டு. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிக்க நினைத்தால், அவர்களைக் கேட்டு, விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். சின்னக் கோரிக்கைகள் சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். அதன் உச்சத் தொகை 2020இல் 35,000 டொலராக இருந்து, 2025 ஒக்டோபரிலிருந்து 50,000 ஆகியிருக்கிறது. சட்டத்தரணி இல்லாமலேயே அங்கே வழக்குப் போடலாம் என்பதால் இந்தத் தொகை உயர்வு உங்களைத் தொடும்.

காப்புறுதியில் இரண்டு வகையும் வேண்டும். ஏணி சரிந்து கண்ணாடி உடைந்தால் அல்லது யாராவது காயப்பட்டால் பொதுப் பொறுப்புக் காப்புறுதி. தவறவிட்டதற்கும் பிழையாகச் சொன்னதற்கும் தொழில்முறைப் பிழைக் காப்புறுதி. இரண்டாவதின் விலக்குப் பட்டியலை வாசியுங்கள். பூஞ்சணம், அஸ்பெஸ்டஸ், கறையான் போன்றவை பெரும்பாலும் வெளியே தள்ளப்பட்டிருக்கும்.

இன்னும் ஒன்று, பலர் ஓய்வு பெறும்போதுதான் கண்டுபிடிப்பது. தொழில்முறைப் பிழைக் காப்புறுதி வழக்கமாக, கோரிக்கை வரும் நாளில் நடைமுறையில் உள்ள ஒப்பந்தத்தின்கீழ்தான் பணம் கொடுக்கும். நீங்கள் பரிசோதனை செய்த நாளில் காப்புறுதி இருந்தது என்பது போதாது. 2026இல் பார்த்த வீட்டுக்கு 2031இல் கோரிக்கை வந்து, 2029இல் நீங்கள் தொழிலை விட்டுக் காப்புறுதியையும் நிறுத்தியிருந்தால், அந்தக் கோரிக்கைக்கு நீங்கள் தனியாக நிற்பீர்கள். தொழிலை விட்டபின் சில ஆண்டுகளுக்கு நீளும் தொடர்காப்பு ஒன்றைத் தனியாக விலைக்கு வாங்கலாம். அதன் விலையைக் காப்புறுதி முகவரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கேட்டு, அந்தத் தொகையை இன்றைய கட்டணத்துக்குள் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.